கட்டுமுன் சிறிதாகச் செய்து பாருங்கள்: உடன்குடி தேரி மண் கற்றுத்தந்த பாடம்

பனைப் பருவத்தில் உடன்குடிப் பக்கம் போனவர்கள் விடிலிக்குள் நடக்கும் வேலையைப் பார்த்திருப்பார்கள். அடுப்பில் பதநீர் மணிக்கணக்கில் கொதித்துச் சுண்டும். நுரை பொங்கினால் நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிது தூவுவார்கள். பாகு கெட்டியாகும் நேரத்தில், கிண்டிக்கொண்டிருக்கும் அம்மா ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு நின்றால் அடுப்பிலிருந்து இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றலாம். உருளாமல் கரைந்தால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். அந்த ஒரு சொட்டைப் பார்க்காமல் ஊற்றினால் அன்றைய பதநீர் முழுவதும் வீண்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டியின் தரம் இந்தப் பதம் பார்த்தலில்தான் இருக்கிறது. பெரிய வேலையில் கை வைக்கும் முன் சிறிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அதே ஊரில் 2 லட்சம், 3 லட்சம் ரூபாய் செலவழித்து ஆழ்துளைக் கிணறு போடும்போதும், குட்டை வெட்டும்போதும், கலுங்கு கட்டும்போதும் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம். பொறியாளர்கள் இதை 'மாதிரி ஆய்வு' என்பார்கள். கட்டப்போவதைச் சிறிய அளவில் உண்மையான மண், உண்மையான தண்ணீர் கொண்டு செய்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பதே அது. விவசாயிக்கு அது எப்படி உதவும் என்பதே இந்தக் கட்டுரை.

நான்காவது போர் போடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் உடன்குடி அருகே கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தென்னையும் வாழையும் கலந்த தோட்டம். வாழை இலைகளின் ஓரம் கருகிக் கிடந்தது. தோட்டக்காரர் என்னைவிட மூத்தவர். ஏற்கெனவே மூன்று ஆழ்துளைக் கிணறுகள் போட்டிருந்தார்.

"மொத போர்ல தண்ணி உப்பாயிட்டு சார். ரெண்டாவது அதைவிட ஆழம். அதுவும் உப்பு. மூணாவதுல மோட்டார் போட்டு ஆறு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப அதுவும் போச்சு. இன்னும் நூறு அடி எறக்கினா நல்ல தண்ணி கெடைக்கும்னு போர் வண்டிக்காரர் சொல்லுதாரு. நீங்க என்ன சொல்லுதீங்க?"

"அண்ணாச்சி, ஒரு வாரம் பொறுங்க. அடுத்த வாரம் ஒரு தொட்டி கொண்டாரேன். அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். அவர் சிரித்தார். "தொட்டியா? மீன் வளக்கவா சார்?"

உண்மையில் அது மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிதான்.

தொட்டிக்குள் ஒரு கடற்கரை

தொட்டியின் நீளம் 3 அடி, அகலமும் உயரமும் ஓர் அடி. இரு முனைகளிலும் நான்கு விரற்கடை இடம் விட்டு, கொசுவலை ஒட்டிய சட்டங்களைத் தடுப்பாக நிறுத்தினோம். நடுவே நன்றாகக் கழுவிய வெளிர்நிறப் பருமணலை 20 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினோம். தேரி மணலையே போடலாமே என்று கேட்டார்கள். தேரி மணல் சிவப்பு, அதில் சாயம் தெரியாது. வெளிர் மணல் எடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஒரு முனை நிலம், மறு முனை கடல் என்று வைத்துக்கொண்டோம். கடலில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. எனவே 10 லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரைத்து, நீலச் சாயம் கலந்து கடல் முனையில் ஊற்றினோம். அந்த மட்டம் ஏறாமலும் இறங்காமலும் இருக்க ஒரு வழிந்தோடும் துளை வைத்தோம். நில முனையில் நல்ல தண்ணீரைச் சொட்டுக் குழாய் வழியே தொடர்ந்து விட்டு, அதன் மட்டம் கடல் மட்டத்தைவிடச் சரியாக 1 செ.மீ. உயர்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் எதுவும் தெரியவில்லை. பேசிக்கொண்டே தேநீர் குடித்து வந்தோம். கடல் முனையின் அடியில் நீலம் மணலுக்குள் நுழைந்திருந்தது. மேலே இல்லை, தொட்டியின் அடித்தளத்தை ஒட்டி நாக்கு நீட்டியதுபோல் இருந்தது. இன்னும் சற்று நேரம் போனதும் அந்த நீல நாக்கு ஏறக்குறைய பாதித் தொலைவில் வந்து நின்றது. அதற்குமேல் நகரவில்லை. அடியில் உப்புநீர், அதன்மேல் நல்ல நீர் மிதந்து நின்றது.

பிறகு நில முனையின் மட்டத்தை 1 செ.மீ.யிலிருந்து அரை செ.மீ.யாகக் குறைத்தோம். மழை குறைந்த ஆண்டில், எல்லோரும் மோட்டார் போட்டு இறைத்தால் நிலத்தடியில் நடப்பது இதுதான். நின்ற நாக்கு மறுபடி நகரத் தொடங்கி, ஏறக்குறைய நில முனை வரைக்கும் போய்விட்டது. அரை செ.மீ. என்பது ஒரு விரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

அண்ணாச்சி வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "இம்புட்டுதானா வித்தியாசம்?"

ஒன்றுக்கு நாற்பது கணக்கு

இம்புட்டுதான். இதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் 1,025 கிராம். இந்த 25 கிராம் எடை வித்தியாசத்தால், நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல நீர் நிற்கும். 5 அடி உயர்ந்திருந்தால் 200 அடி. நெதர்லாந்தைச் சேர்ந்த கைபென், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டறிந்த விதி இது.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. நீர்மட்டத்தை நிலையாக 1 அடி இறக்கிவிட்டால், உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலே ஏறும். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கணக்கைப் பலமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் பலர். கண்ணாடித் தொட்டியில் நீலம் நகர்ந்ததைப் பார்த்தவர்கள் அப்படிப் போகவில்லை.

அடுத்து ஓர் உறிஞ்சு குழாயின் நுனியில் வலைத்துணி கட்டி, நீல நாக்குக்குச் சற்று மேலே, 15 செ.மீ. ஆழத்தில் நல்ல நீர் இருக்கும் இடத்தில் இறக்கினோம். அதுதான் நமது ஆழ்துளைக் கிணறு. ஊசி போடும் பெரிய சிரிஞ்சால் வேகமாக இழுத்தோம். முதலில் தெளிந்த நீர் வந்தது. பிறகு குழாயின் அடியில் நீலம் கூம்புபோல் எழும்பி, குழாயின் வாயைத் தொட்டது. சிரிஞ்சுக்குள் நீலம் வந்தது. "ஆறு மாதம் நன்றாக இருந்து பிறகு உப்பானது" என்று அண்ணாச்சி சொன்னது அப்படியே கண்முன் நடந்தது. குழாயை இன்னும் கீழே இறக்கினோம். முதல் இழுப்பிலேயே நீலம். நான்காவது போரின் கதை அது.

மூன்றாவதாக, குழாயை மேலே எடுத்து மேற்பரப்பு நீருக்குச் சற்றுக் கீழே வைத்து, சிரிஞ்சை மெதுவாக, விட்டுவிட்டு இழுத்தோம். நெடுநேரம் தெளிந்த நீரே வந்தது.

கடைசியாக நில முனை மட்டத்தை மறுபடி 1 செ.மீ.க்கு உயர்த்தினோம். நீலம் பின்வாங்கியது. ஆனால் அது கடந்து போன மணலில் வெளிறிய நீலச் சாயல் நெடுநேரம் தங்கியிருந்தது. உண்மையான நிலத்திலும் ஒருமுறை உப்பேறிய நீர்த்தாங்கி நல்லதாக மாற ஒரு மழைக்காலம் போதாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் பல கி.மீ. உள்ளே வந்தது; அந்த மக்கள் பல பத்தாண்டுகளாக அதன் விளைவை அனுபவித்து வருகிறார்கள்.

தொட்டி சொன்னதைத் தோட்டத்தில் செய்தது

அண்ணாச்சி நான்காவது போர் போடவில்லை. பழைய வெட்டுக் கிணற்றைத் தூர்வாரி, ஆழப்படுத்தாமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் சைடு போர் போட்டார். சிறிய மோட்டார் வைத்து, ஒரே மூச்சில் இறைக்காமல் காலையும் மாலையுமாகப் பிரித்து இறைத்தார். சொட்டுநீருக்கு மாறினார். தோட்டத்தின் மேற்குப் பக்கம் மழைநீர் ஓடிப்போகும் இடத்தில் ஒரு கசிவுநீர்க் குட்டை வெட்டினார். வாழையைக் கைவிட வேண்டி வந்தது. அந்த இழப்பை மறைப்பதற்கில்லை. தென்னை நிற்கிறது. கோடையிலும் அந்தக் கிணற்று நீர் தென்னைக்குத் தாங்கும் அளவிலேயே இருந்து வருகிறது.

இங்கே ஒரு கணக்கை விவசாயிகள் நினைவில் வைக்க வேண்டும். பாசன நீரின் உப்பை இ.சி. எனப்படும் மின்கடத்து திறனால் அளக்கிறோம். 0.75 டெசிசைமன் வரை பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2.25-க்கு மேல் போனால் மிக அதிக உப்பு. கடல்நீரின் இ.சி. ஏறக்குறைய 50. அப்படியானால் 100 குடம் நீரில் 5 குடம் கடல்நீர் கலந்தாலே இ.சி. 2.5 கூடிவிடும். நாக்கில் வைத்தால் லேசாகக் கரிப்பதுபோல் தோன்றும் நீர், வாழையைக் கருக்கப் போதுமானது. எனவே நாக்கை நம்பாமல் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். எண் மெதுவாக ஏறத் தொடங்கும்போதே இறைப்பைக் குறைத்தால் கிணறு பிழைக்கும்.

நான் பதம் பார்க்காமல் கட்டிய கலுங்கு

மாதிரியின் மதிப்பை நான் புத்தகத்தில் படித்து உணரவில்லை. ஒரு தவறு செய்துதான் உணர்ந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேரி ஓரத்தில் ஒரு விவசாயியின் கசிவுநீர்க் குட்டைக்குக் கலுங்கு வடிவமைத்துக் கொடுத்தேன். எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர் வரும், அதை வெளியேற்ற எத்தனை அடி அகலம் வேண்டும் என்பதெல்லாம் சரியாகக் கணக்கிட்டிருந்தேன். சுவரும் உறுதியாகவே கட்டப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் முதல் பெருமழை பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் கலுங்குச் சுவர் ஒரு விரிசல்கூட இல்லாமல் நின்றது. ஆனால் தண்ணீர் சுவரின் ஓரமாகச் சுழன்று, பக்கத்து மணற்கரையை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது. காலியான குட்டைக்கு நடுவில் சுவர் மட்டும் தனியாக நின்றது.

"சொவரு நிக்குது சார். தண்ணிதான் நிக்கல" என்றார் அந்த விவசாயி. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

பிறகு ஒரு பொறியாளர் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கொத்தனார் சாந்து குழைக்கும் தகரத் தட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதில் அதே தேரி மணலைக் கொட்டி, கரை அமைத்து, செங்கல் துண்டுகளால் என் கலுங்கை அதே வடிவத்தில் சிறிதாகச் செய்தார். தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டார். பத்து நிமிடம்தான். கலுங்கைத் தாண்டி விழுந்த தண்ணீர் இருபுறமும் சுழன்றது. சுழல் முதலில் பக்கச் சுவரின் நுனியைத் தோண்டியது. பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு கரை உடைந்தது. தேரி ஓரத்தில் நடந்தது அப்படியே தட்டில் நடந்தது.

பக்கச் சுவர்களைக் கரைக்குள் இன்னும் ஆழமாக நீட்டினோம். தண்ணீர் விழும் இடத்தில் கூழாங்கற்களைப் பரப்பினோம். மறுபடி குழாயைத் திறந்தோம். சுழல் கல்லின் மேலேயே அடங்கியது. கரை தாங்கியது. ஒரு கூடை மணலும் அரை மணி நேரமும் செலவழித்திருந்தால் அந்த விவசாயியின் பணம் தப்பியிருக்கும். சீரமைப்புச் செலவில் என் பங்கைக் கொடுத்தேன் என்றாலும், ஓர் ஆண்டு மழைநீர் போனது போனதுதான்.

பூண்டியில் செய்வதும் இதைத்தான்

தகரத் தட்டில் நாங்கள் செய்ததை, அளவு பிசகாமல் செய்யும் இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில், சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கத்தை ஒட்டி, நீர்வளத் துறையின் நீரியல் ஆய்வு நிலையம் 1940-களிலிருந்து இயங்கிவருகிறது. அணைகள், தடுப்பணைகள், மதகுகள், கால்வாய்கள் ஆகியவற்றின் சிறிய உருவங்களைச் செங்கல்லாலும் சிமென்டாலும் அங்கே கட்டி, தண்ணீரை விட்டுச் சோதிக்கிறார்கள். நாட்டளவில் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் 1916-இல் தொடங்கப்பட்டது. அதுவும் பாசனப் பிரச்சினைகளுக்காகப் பிறந்த நிறுவனம்தான்.

சிறிய உருவத்தில் ஓடும் தண்ணீர் பெரிய அணையில் ஓடும் தண்ணீரைப்போல நடந்துகொள்ளும் என்று எப்படி நம்புவது? இந்தக் கேள்விக்குப் பதில் தந்தவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கப்பல்களின் சிறிய உருவங்களை நீண்ட நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்ப்பதற்காக 1870-களின் தொடக்கத்தில் டார்க்கீ என்ற ஊரில் ஒரு சோதனைத் தொட்டி அமைத்தார். உருவத்தை எத்தனை மடங்கு சிறிதாக்கினால் வேகத்தை எத்தனை மடங்கு குறைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. இன்றும் அணை மாதிரிகளுக்கு அதுவே அடிப்படை.

ஓர் அணையை 25-இல் ஒரு பங்காகக் கட்டுகிறோம் என்று வையுங்கள். மாதிரியில் 4 செ.மீ. ஆழத் தண்ணீர், அணையில் 1 மீட்டர். மாதிரியில் விநாடிக்கு 1 மீட்டர் வேகம், அணையில் 5 மீட்டர். மாதிரியில் விநாடிக்கு 1 லிட்டர் ஓடினால் அணையில் 3,125 லிட்டர், அதாவது ஏறக்குறைய 110 கன அடி. மாதிரியில் 12 நிமிடம் ஓடும் வெள்ளம், அணையில் 1 மணி நேர வெள்ளம். ஆகவே ஒரு நாள் வெள்ளத்தை 5 மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். எங்கே சுழல் விழுகிறது, எந்தத் தூணின் அடியில் மண் பறிகிறது, எந்த மதகின் முன் வண்டல் சேர்கிறது என்பதையெல்லாம் கல் வைக்கும் முன்பே பார்த்துத் திருத்தலாம்.

இதன் பெரிய உருவம் அமெரிக்காவில் இருந்தது. மிசிசிப்பி ஆற்றுப் படுகை முழுவதையும் 200 ஏக்கரில் கான்கிரீட்டில் வார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது 1943-இல் போர்க் கைதிகளைக் கொண்டு அந்த வேலை தொடங்கியது. 1952-இல் மிசௌரி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, எந்த ஊரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்று மாதிரியில் ஓடவிட்டுப் பார்த்து, அதற்கேற்பக் கரைகளை உயர்த்தினார்கள்.

நம் தாமிரபரணியின் பழைய அணைக்கட்டுகளைக் கட்டியவர்களிடம் இந்தக் கணக்குகள் இல்லை. அவர்களுக்கு ஆறே மாதிரி. உடைந்ததை மறுபடி கட்டி, அரித்ததைக் கல் கொண்டு நிரப்பி, பல தலைமுறை பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். மருதூர் அணைக்கட்டின் வளைந்த நீண்ட உருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றும். நம்மிடம் அத்தனை தலைமுறை அவகாசம் இல்லை.

மாதிரி எதைச் சொல்லாது?

மாதிரியைப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. அணையைச் சிறிதாக்கலாம், மணல் துகளைச் சிறிதாக்க முடியாது. 25-இல் ஒரு பங்காக மணலை நுணுக்கினால் அது களிமண்ணைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஆகவே ஆய்வு நிலையங்களில் மணலுக்குப் பதில் நிலக்கரித் தூள் போன்ற எடை குறைந்த பொருளைப் பயன்படுத்துவதும் உண்டு. நமது தகரத் தட்டு மாதிரி, கரை எங்கே அரிக்கும் என்று சொல்லும். எத்தனை அடி அரிக்கும் என்று சொல்லாது. தண்ணீரின் ஆழம் ஓரிரு செ.மீ.க்கும் குறைந்தால் அதன் மேற்பரப்பின் இழுவிசையே ஓட்டத்தை மாற்றிவிடும். ஆகவே மாதிரியை மிகவும் சிறிதாகச் செய்யக் கூடாது.

கண்ணாடித் தொட்டிக்கும் இது பொருந்தும். தொட்டியில் ஒரே மாதிரி மணல். நிலத்தடியிலோ களிப் படலம், சுண்ணாம்புப் பாறை, மணற்கல் என்று மாறிமாறி வரும். களிப் படலம் உப்பு நீரைத் தடுத்து நிறுத்தும் இடங்களும் உண்டு. ஆகவே 'ஆழ இறக்கினால் உப்பு வரும்' என்பதைத் தொட்டி காட்டும். உங்கள் தோட்டத்தில் எத்தனையாவது அடியில் வரும் என்பதைக் காட்டாது. அதற்கு நிலத்தடி நீர் ஆய்வும், பக்கத்துக் கிணறுகளின் அளவீடும் வேண்டும்.

இப்போது கணினியில் மாதிரி செய்கிறார்களே, மணலும் தண்ணீரும் எதற்கு என்று விரிவாக்கப் பணியில் உள்ள இளைஞர்கள் கேட்கிறார்கள். கணினி நல்ல கருவி. நூறு வகை வடிவங்களை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் நாம் எழுதிக் கொடுத்ததைத்தான் அது கணக்கிடும். என் கலுங்குக் கணக்கில் பக்கச் சுவரின் நுனியில் எழும் சுழலை நான் எழுதவேயில்லை. எழுதாததைக் கணக்கு எப்படிச் சொல்லும்? தட்டில் ஓடிய தண்ணீர் நான் கேட்காததையும் காட்டியது. ஆய்வு நிலையங்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

தோட்டத்தில் நீங்களே செய்து பார்க்க

* குட்டை வெட்டுமுன்: வெட்டப்போகும் இடத்தில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1 மீட்டர் இருக்கும்படி ஒரு குழி வெட்டுங்கள். ஓரம் சரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பி ஒருமுறை வடியவிடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளமிட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதுங்கள். மளமளவென்று இறங்கினால் அந்த இடம் கசிவுநீர்க் குட்டைக்கு ஏற்றது. நீரைத் தேக்கி வைக்க வேண்டுமென்றால் அடியில் களிமண்ணோ தார்ப்பாயோ இல்லாமல் பயனில்லை.

* கலுங்கு, வரப்பு மடை கட்டுமுன்: கட்டப்போகும் இடத்து மண்ணையே தட்டில் போட்டு, நீளம், உயரம், அகலம் மூன்றையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யுங்கள். தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டுங்கள். உடையும் வரை விடுங்கள். எங்கே முதலில் உடைகிறதோ அங்கேதான் உங்கள் கல்லும் சிமென்டும் போக வேண்டும்.

* சொட்டுநீர் அமைக்குமுன்: முழுத் தோட்டத்துக்கும் குழாய் வாங்காமல் ஒரு வரிசையை மட்டும் போடுங்கள். தலைப்பு, நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களிலும் சொட்டுவாயின் கீழ் ஒரே அளவு டம்ளர்களை வைத்து, குறித்த நேரத்தில் விழுந்த நீரை அளந்து ஒப்பிடுங்கள். கடைசி டம்ளரில் மிகக் குறைவாக இருந்தால் குழாயின் விட்டமோ நீளமோ சரியில்லை. 

* கடலோரத்தில் கிணறு ஆழப்படுத்துமுன்: மேலே சொன்ன கண்ணாடித் தொட்டியை நாலைந்து விவசாயிகள் சேர்ந்து செய்து பாருங்கள். கூடவே சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தையும் இ.சி. அளவையும் ஒரே தாளில் எழுதுங்கள். தொட்டி காட்டியதும் தாள் காட்டுவதும் ஒத்துப்போனால் போர் வண்டியை அழைக்க வேண்டாம்.

வேளாண் அறிவியல் நிலையங்களிலும் வட்டார அலுவலகங்களிலும் பணிபுரிவோருக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடித் தொட்டி ஒன்றும், தகரத் தட்டு ஒன்றும், இ.சி. அளக்கும் சிறு கருவி ஒன்றும் ஒரு பயிற்சி நாளின் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கும். படக்காட்சி போடும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். விவசாயியின் கையில் சிரிஞ்சைக் கொடுத்து அவரையே இழுக்கச் சொல்லுங்கள். நாம் இழுத்துக் காட்டுவதைவிட அது நன்றாக மனதில் பதியும்.

அடுத்த மழைக்கு முன்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. உடைந்த இடங்கள் பல, மதகும் கலுங்கும் மண்கரையோடு சேரும் ஓரங்கள்தான். கட்டடத்தை உறுதியாகக் கட்டிவிட்டு, அது மண்ணோடு சேரும் இடத்தைக் கவனிக்காமல் விடும் பிழை என்னுடையது மட்டுமல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன்.

உடன்குடி ஆற்றுப் பாசனத்தின் கடைக்கோடி. தாமிரபரணியின் உபரி வெள்ளம் சடையநேரிக் கால்வாய் வழியே நம் குளங்களுக்கு வருவது எல்லா ஆண்டும் இல்லை. வருகிற ஆண்டில் அதைப் பிடித்து நிறுத்தினால்தான் நிலத்தடியில் அந்த ஓர் அடி உயரும். அந்த ஓர் அடிதான் நாற்பது அடி உப்பைக் கீழே அழுத்தி வைக்கும். தேரி மணல் தண்ணீரை விரைவாகக் குடிக்கும். அதே வேகத்தில் கரையும் செய்யும். இப்படிப்பட்ட மண்ணில் பிழையாகக் கட்டிய ஒரு கலுங்கால் போவது சிமென்ட் செலவு மட்டுமல்ல, கீழே இறங்க வேண்டிய நல்ல தண்ணீரும்தான்.

குளக்கரைகளைப் பலப்படுத்தவும் புதிய கலுங்குகள் கட்டவும் திட்டம் வரும் ஊர்களில், பெரிய வேலையானால் மாதிரி ஆய்வு நடந்ததா என்று விவசாயிகள் சங்கத்தார் கேளுங்கள். சிறிய வேலையானால் தட்டையும் மணலையும் நீங்களே எடுத்து வாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஐப்பசிக்குள் இதைச் செய்து முடித்தால் நல்லது.

(கட்டுரையாளர்: உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி)